முதல் கப்பல் சுற்றுலா: பதிவு செய்வது முதல் கரை இறங்குவது வரை

சொகுசுக் கப்பலில் தங்குமிடம், சாப்பாடு, பொழுதுபோக்கு, ஊர்விட்டு ஊர் போகும் பயணம் எல்லாம் ஒரே சீட்டில் அடங்கிவிடுகின்றன. வசதி அதுதான், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. விமானத்தைத் தவறவிட்டவர் அடுத்த விமானத்தில் போய் ஓட்டல் அறையைப் பிடித்துவிடலாம். கப்பலைத் தவறவிட்டவருக்கு அறை, சாப்பாடு, சுற்றுலா மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். முதல்முறை செல்பவர்கள் படும் தொல்லைகளில் கடலால் வருபவை குறைவு. சரியாகப் படிக்காத ஒரு விதி, விசாவில் கவனிக்காத ஒரு வரி, கடிகாரத்தில் ஒரு மணி நேரம் என்று கரையிலேயே தவிர்த்திருக்கக்கூடியவைதான் அதிகம்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் பழக்கமானவை. ஒன்று சென்னைத் துறைமுகம். கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் 2022 ஜூனில் இங்கிருந்து சுற்றுலாவைத் தொடங்கியது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைக்கும் சென்றது. 1990இல் கட்டப்பட்டு, ராயல் கரீபியன் நிறுவனத்திடம் பல ஆண்டுகள் ஓடிய கப்பல் அது. இந்தச் சேவை ஆண்டு முழுவதும் கிடையாது. பருவத்துக்கு ஏற்ப அட்டவணை மாறும். மற்றொன்று, விமானத்தில் சிங்கப்பூர் சென்று அங்கிருந்து பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் பக்கம் மூன்று நான்கு இரவுகள் சுற்றிவரும் பயணம். ஆண்டு முழுவதும் கப்பல் கிடைப்பதாலும் கப்பல்கள் பெரியவை என்பதாலும் முதல் பயணத்துக்குப் பலர் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளது.

கட்டணமும் கட்டணத்துக்கு வெளியே உள்ளதும்

விளம்பரத்தில் காணும் தொகை, இரண்டு பேர் ஓர் அறையில் தங்கினால் ஓர் ஆளுக்கு ஆகும் தொகை. தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணத்தையும் கட்ட நேரிடும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகத் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கணிசமாகக் குறையும். துறைமுகக் கட்டணமும் வரியும் சில விளம்பரங்களில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் கடைசிப் பக்கத்தில்தான் தலைகாட்டும்.

இதற்கு மேல் டிப்ஸ் என்ற சேவைக் கட்டணம் உண்டு. விரும்பினால் கொடுக்கலாம் என்கிற வகை இல்லை இது; ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏறிவிடும். அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் ஏறக்குறைய 15 முதல் 20 டாலர் வரை. நாளொன்றுக்கு 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு இரவுக்கு 288 டாலர் ஆகிறது. பல கப்பல்களில் குழந்தைகளுக்கும் இதே தொகைதான். பதிவு செய்யும்போதே கட்டிவிட முடியுமா என்று டிராவல் ஏஜென்ட்டிடம் கேட்டு, முடிந்தால் கட்டிவிடுவது நல்லது.

பஃபே, பெரிய உணவுக்கூடம், தண்ணீர், டீ, காபி, நாடக அரங்கு, நீச்சல் குளம் ஆகியவை பொதுவாகக் கட்டணத்துக்குள் வரும். மது, டின் குளிர்பானம், தனி உணவகங்கள், வைஃபை, ஸ்பா, சலவை, கரைச் சுற்றுலா எல்லாம் வெளியே. ஏறும் இடத்திலேயே ஒரு புகைப்படக்காரர் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுப்பார். எடுப்பதற்குக் காசில்லை, வாங்கினால்தான். மதுவுக்கென்று மொத்தமாக விற்கும் ‘பேக்கேஜ்’ பெரும்பாலானவர்களுக்கு நஷ்டமே. ஒருவர் வாங்கினால் அந்த அறையில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்ற விதி பல கப்பல்களில் இருக்கிறது.

கப்பலுக்குள் காசு புழங்காது. ஏறும்போது தரப்படும் அட்டைதான் அறைச் சாவி, அடையாளச் சீட்டு, பணப்பை எல்லாம். அதைக் கிரெடிட் கார்டோடு இணைத்துக்கொள்ள வேண்டும். டெபிட் கார்டைக் கொடுத்தால், உண்மையில் செலவழிக்காத தொகையையும் கப்பல் முன்கூட்டியே தடுத்து வைக்கும். அது விடுபட்டு வங்கிக் கணக்குக்குத் திரும்பப் பல நாள் பிடிக்கும். கையில் இருக்கும் பணம் துறைமுக ஊர்களில் செலவழிக்க மட்டும் உதவும். பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியைச் சேவை மேசையில் சொல்லி முதல் நாளே நிறுத்திவிடலாம். கணினி விளையாட்டுக் கூடம் இருக்கிற கப்பலில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அறை

ஜன்னல் இல்லாத உள் அறை, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் கொண்ட அறை, பால்கனி அறை, சூட் என நான்கு வகை. மூன்று நாள் பயணத்தில், இரவு தூங்க மட்டும் அறைக்கு வருகிறவர்களுக்கு உள் அறையே போதும். மிச்சமாகும் பணத்தில் துறைமுகங்களில் நன்றாகச் சுற்றலாம். பகலில் அறையில் படுத்திருக்க விரும்பும் முதியவர்கள் உடன் வந்தால் மட்டும் ஜன்னலுக்குச் செலவழிக்கலாம். உள் அறையில் விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவுதான். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

அறையின் வகையைவிட அது இருக்கும் இடம் முக்கியம். கப்பலின் ஆட்டம் முன்முனையிலும் பின்முனையிலும் மேல் தளங்களிலும் கூடுதலாகத் தெரியும்; நடுவில், கீழ்த் தளத்தில் குறைவு. தலைசுற்றல் வரக்கூடியவர்கள் நடுப்பகுதியை எண் குறிப்பிட்டுக் கேட்டு வாங்க வேண்டும். ‘கேரண்டி’ என்று மலிவாக விற்கப்படும் சீட்டில் அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே முடிவு செய்யும், எங்கே விழுந்தாலும் கேள்வி கேட்க முடியாது. நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில், விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கூரையில் கேட்கும். மேலும் கீழும் அறைகளே உள்ள தளத்தைத் தேர்ந்தெடுத்தால் தூக்கம் கெடாது. நிறுவனத்தின் இணையதளத்தில் தள வரைபடம் இருக்கும். பணம் கட்டும் முன் அதைப் பத்து நிமிடம் பார்ப்பது வீண்போகாது.

பாஸ்போர்ட், விசா, காப்பீடு

சென்னையிலிருந்து கிளம்பி, வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் சென்னைக்கே திரும்பும் பயணத்துக்கு அரசு அடையாள அட்டை போதும். மற்ற எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட் வேண்டும். பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் அது செல்லுபடியாக வேண்டும்.

சிங்கப்பூர்ப் பயணத்தில் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் விசா. விமானத்தில் வந்து ஒருமுறை நாட்டுக்குள் நுழைகிறார், கப்பலில் வெளியேறுகிறார், அதே கப்பலில் மறுபடி நுழைகிறார். ஆகவே ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. பலமுறை நுழையும் விசாதானா என்று தாளைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை, வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பலாம். கப்பலில் திரும்பி வருவதும் ஒரு வருகைதான், அதற்குத் தனியாக ஒன்று நிரப்ப வேண்டும். இதை நிரப்பித் தருவதாகப் பணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கப்பல் நின்றாலும் நாம் இறங்கப்போவதில்லையே என்று அந்த நாட்டின் நுழைவு விதியை அலட்சியம் செய்யக் கூடாது. பயணப் பட்டியலில் உள்ள எல்லா நாடுகளுக்கும் தாள்கள் சரியாக இல்லாவிட்டால், ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

பயணக் காப்பீடு எடுக்கும்போது, கப்பல் பயணமும் கடலிலிருந்து நோயாளியை வெளியேற்றும் செலவும் அதில் அடங்குமா என்று கேட்க வேண்டும். கப்பலில் மருத்துவரும் சிறு மருத்துவமனையும் உண்டு, இலவசம் இல்லை. சாதாரணக் காய்ச்சலுக்கும் டாலரில் பில் வரும், பயணியே முதலில் கட்டிவிட்டுப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள் 24ஆவது வாரத்தை எட்டிவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. கைக்குழந்தைக்குப் பொதுவாக ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும்.

பெட்டியில் என்ன வைப்பது, எதை வைக்கக் கூடாது

நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. அதனால் தீப்பிடிக்க வாய்ப்புள்ள எதையும் கப்பலில் விடமாட்டார்கள். இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர், மெழுகுவத்தி, ஊதுபத்தி, அகல் விளக்கு ஆகியவை பரிசோதனையில் எடுத்துவைக்கப்படும். வீட்டில் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படியே. காலைப் பூஜையை விளக்கில்லாமல் முடித்துக்கொள்ள மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். சீல் பிரிக்காத முறுக்கு, மிக்சர் பாக்கெட்டுகளுக்குப் பொதுவாகத் தடையில்லை. வீட்டில் கட்டிய புளியோதரைக்குத் தடை உண்டு.

சிங்கப்பூர் வழியாகப் போவதால் அந்நாட்டுச் சட்டமும் பொருந்தும். மெல்லும் புகையிலை, வேப், சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கு அளவு என்று ஒன்றே அங்கில்லை. ஒரு பாக்கெட் இருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும்.

பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் ஒப்படைத்த பிறகு அது அறை வாசலுக்கு வந்து சேர மாலையாகிவிடும். ஆகவே பாஸ்போர்ட், விசாத் தாள்கள், தினசரி மருந்துகளும் மருத்துவர் சீட்டும், சார்ஜர், ஒரு மாற்றுடை, நீச்சல் உடை இவை கைப்பையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் வைத்து ஒப்படைத்துவிட்டு, வரிசையில் நின்றபின் தேடுகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

நீச்சல் குளத்தில் அதற்கான உடைக்கு மட்டுமே அனுமதி. பருத்தி டி-ஷர்ட், சுடிதார், வேட்டியோடு இறங்கினால் வெளியே வரச் சொல்வார்கள். முழுக்கை, முழுக்கால் மூடிய நீச்சல் உடை சென்னைக் கடைகளிலேயே கிடைக்கிறது. இரவு உணவுக்கூடத்துக்கு ஆண்கள் முழுக் கால்சட்டையும் காலர் வைத்த சட்டையும் அணிந்தால் போதும், அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். ‘ஃபார்மல் நைட்’ என்று அறிவித்த இரவில் பட்டுப்புடவைக்கு இணையான உடை அந்தக் கூடத்தில் அதிகம் இருக்காது. குளிர்சாதனமும் மேல்தளக் காற்றும் கடுமையாக இருக்கும் என்பதால் ஒரு சால்வை அவசியம்.

அறைச் சுவர்கள் பெரும்பாலும் உலோகத் தகடு. காந்தம் வைத்த கொக்கிகள் நான்கைந்து கொண்டுபோனால் ஈரத்துண்டு, தொப்பி, பை எல்லாம் சுவரிலேயே தொங்கும்; இருக்கிற சிறிய இடம் தாராளமாகிவிடும்.

ஏறும் நாள்

கப்பல் புறப்படும் நாள் காலையில் சிங்கப்பூரில் விமானம் இறங்குமாறு திட்டமிடுவது சூதாட்டம். முந்தைய நாளே ஊர் சேர்ந்துவிட வேண்டும். சிங்கப்பூரில் பயணிகள் கப்பல் முனையங்கள் இரண்டு. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் 2012இல் திறக்கப்பட்ட மரினா பே குரூஸ் சென்டரிலிருந்து கிளம்பும். மற்றொன்று ஹார்பர்ஃப்ரண்டில் உள்ளது. டாக்சிக்காரரிடம் ‘குரூஸ் சென்டர்’ என்று மட்டும் சொன்னால் தவறான இடத்துக்குப் போய்விடலாம். மரினா பே முனையத்துக்கு மரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

இணையத்தில் ‘செக்-இன்’ முடித்து நேரம் வாங்கிக்கொண்டு, அந்த நேரத்துக்குப் போனால் வரிசை குறையும். கப்பல் கிளம்ப ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே கதவு மூடப்படும். ஆசியப் பயணங்களில் சில கப்பல்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும் முன் திருப்பித் தரும். அது வழக்கமான நடைமுறைதான். ஆனால் கொடுக்கும் முன் முதல் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஏறியதும் செய்தாக வேண்டிய முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. அதைச் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கன்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 ஜனவரி முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிய வேண்டும் என்று பன்னாட்டு விதி மாற்றப்பட்டது. இப்போது பல கப்பல்களில் போனிலோ அறைத் தொலைக்காட்சியிலோ படம் பார்த்துவிட்டு, அட்டையில் குறித்திருக்கும் கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்துவிடும். அறையிலிருந்து அந்த இடத்துக்கு லிஃப்ட் இல்லாமல், படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: இதுதான் அபாய அறிவிப்பு. இது உடன் வரும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடலில் இருக்கும்போது

துறைமுகத்தை விட்டு விலகியதும் போனை ஃபிளைட் மோடில் போட வேண்டும். கரை அலைவரிசை மறைந்ததும் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் திட்டங்கள் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. யாரும் பேசாமலேயே, பின்னணியில் இயங்கும் செயலிகளால் மட்டும் ஆயிரக்கணக்கில் பில் ஏறும். ஃபிளைட் மோடில் வைத்தபடியே வைஃபையை மட்டும் இயக்கலாம்.

சைவம் சாப்பிடுவோர் ‘வெஜிடேரியன்’ என்று சொல்வதோடு நிறுத்தக் கூடாது. தென்கிழக்காசியச் சமையலில் காய்கறி வதக்கலில்கூட மீன் சாஸோ சிப்பி சாஸோ சேர்ந்திருக்கும். முட்டையைச் சைவத்தில் சேர்க்கும் பழக்கமும் உண்டு. முட்டை வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பதிவின்போது ஒருமுறை, முதல் இரவு உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் மறுமுறை. முதல் இரவே சொன்னால் அடுத்த நாள் உணவைத் தனியாகச் செய்து தருவார்கள். சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியப் பயணிகள் மிகுதி என்பதால் பஃபேயில் இந்திய உணவு பெரும்பாலும் இருக்கும். அது பன்னீரும் பருப்பும் நானுமாக வடக்கத்திச் சமையலாகவே இருப்பது வழக்கம். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸுக்குச் சானிடைசர் சரியாக வேலை செய்வதில்லை.

தலைசுற்றலைப் பற்றிய பயம் பலரிடம் தேவைக்கு மேல் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை போகும் வழி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியத் தீபகற்பம் மறைப்பதால் பெரிய அலை எழுவது குறைவு. முதல் பயணத்துக்கு இந்த வழியைச் சொல்வதற்கு இது முக்கியக் காரணம். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமும் புயல்களும் உள்ளதால் அப்போது முதல்முறை செல்வது உசிதமல்ல. பெரிய கப்பல்களின் அடிப்பக்கத்தில் துடுப்புபோல் நீளும் நிலைப்படுத்திகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் அதிகம் தடுக்க முடியாது. மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. மருத்துவரைக் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும்; மதுவோடு சேரக் கூடாது. மற்றபடி, நடுத்தளத்தில் திறந்த வெளியில் நின்று அடிவானத்தைப் பார்ப்பது, இஞ்சி, உப்பு பிஸ்கட் ஆகியவை உதவும். படுத்துக்கொண்டு போன் பார்ப்பது நிலைமையைக் கெடுக்கும்.

துறைமுக நாட்கள்

எல்லா ஊரிலும் கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவை வாங்க வேண்டியதில்லை. எல்லா ஊரிலும் அதைத் தவிர்ப்பதும் புத்திசாலித்தனமல்ல. பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில், ஜார்ஜ் டவுனை ஒட்டியே நிற்கும். அங்கிருந்து லிட்டில் இந்தியாவும், 1833இல் கட்டப்பட்ட குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரம். வழியெல்லாம் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். அங்கே சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவது வீண். போர்ட் கிளாங் அப்படியல்ல. கோலாலம்பூருக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நெரிசல் வேறு. பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டுக் கப்பலைப் பிடிக்க நினைப்பவர்கள் கப்பலின் சுற்றுலாவிலேயே போவது நிம்மதி. அதன் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக எடுத்த டாக்சிக்குக் காத்திருக்காது. புக்கெட்டில் கப்பல்கள் பலமுறை கடலிலேயே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் பயணிகளைக் கரைசேர்க்கும். படகுக்கான வரிசையில் போகும்போதும் வரும்போதும் நேரம் போகும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

அதே புக்கெட்டில் கடிகாரச் சிக்கலும் உண்டு. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தால், கரையில் கால்வைத்ததும் தானாக மாறிக்கொள்ளும் போன் நான்கு மணி என்று காட்டும்போது கப்பலில் மணி ஐந்து. ஐந்துக்குள் ஏற வேண்டியவர் கடற்கரையில் இளநீர் குடித்துக்கொண்டிருப்பார். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்வதே எளிய வழி. கடைசியாக ஏற வேண்டிய நேரம் இறங்கும் வாசலில் எழுதியிருக்கும். கப்பல் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முந்தியது அது. தவறவிட்டால் துறைமுகத்தில் உள்ள கப்பல் முகவரைப் பார்க்க வேண்டும். அவர் தொலைபேசி எண் அன்றைய நிகழ்ச்சித் தாளில் பெரும்பாலும் இருக்கும், அதனால் அந்தத் தாளைப் படமெடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு பயணியுடையது.

பஃபேயில் எடுத்த பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு கரை இறங்கக் கூடாது. பல நாடுகளில் அது குற்றம். வானிலை காரணமாக ஒரு துறைமுகத்தையே விட்டுவிடக் கேப்டனுக்கு முழு உரிமை உண்டு. அப்போது அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்பக் கிடைக்கும், நஷ்டஈடு என்று எதுவும் பொதுவாகக் கிடையாது.

இறங்கும் நாள்

கடைசி இரவு, நிறமோ எண்ணோ உள்ள சீட்டு பெட்டிக்காக அறைக்கு வரும். அதைக் கட்டி, குறித்த நேரத்துக்குள் பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்தால் ஊழியர்கள் எடுத்துப்போய்க் காலையில் முனையத்தில் வரிசைப்படுத்தி வைப்பார்கள். மறுநாள் உடுத்த வேண்டிய துணியையும் செருப்பையும் சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு போக முடிந்தவர்கள் இந்த ஏற்பாட்டைத் தவிர்த்து முதலிலேயே இறங்கலாம்.

அன்றிரவே கணக்கை அறைத் தொலைக்காட்சியிலோ செயலியிலோ பார்த்துவிட வேண்டும். குடிக்காத பானத்துக்கும் வாங்காத படத்துக்கும் தொகை ஏறியிருப்பது அபூர்வமல்ல. கப்பலில் இருக்கும்போதே சேவை மேசையில் சொன்னால் சில நிமிடங்களில் நீக்கிவிடுவார்கள். ஊர் திரும்பிய பிறகு அதே வேலைக்கு வாரக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்ப நேரிடும். இறங்கும் நாள் காலை அந்த மேசை முன் நீண்ட வரிசை இருக்கும்.

கப்பல் அதிகாலையில் துறை சேர்ந்தாலும் சோதனைகள் முடிந்து எல்லோரும் வெளியேறப் பத்து மணிக்கு மேலாகலாம். ஊர் திரும்பும் விமானத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இருக்குமாறு பதிவு செய்ய வேண்டும்.